விவாத இழை: காதில் பாட்டு, கையில் புத்தகம் – இது வாசிப்பா?

கேள்வி
2024 மே 18, சனி – பம்பலப்பிட்டி வாசகர்

எனக்கு 19 வயது. இந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாகன இரைச்சல் ஓயாத காலி வீதி, மறுபக்கம் புகையிரதப் பாதை. காதில் பாட்டு இல்லாமல் ஒரு பக்கம்கூட ஓடாது. அப்பா இதைப் படிப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் ஞாபகசக்தி கூடும், மொசார்ட் கேட்டால் புத்தி வளரும் என்று விஞ்ஞானமே சொல்கிறது. அமைதி வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்து ஆட்களின் பிடிவாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

மே 18, இரவு

பழைய காலத்து ஆள் வந்திருக்கிறேன்.

முதலில் மொசார்ட்டை அனுப்பிவைப்போம். 1993-இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசை ஒன்றைக் கேட்கக் கொடுத்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு, மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். சும்மா இருந்தபின் செய்ததைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த நன்மையும் கரைந்துவிட்டது. கவனியுங்கள்: அதில் வாசிப்பே இல்லை. இசை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்த வேலையும் இல்லை. இதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து, 1998-இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரச பணம் கேட்கும் அளவுக்குப் போனது. குழந்தைகள் மடித்து வெட்டிய தாளை வைத்து என்ன செய்யப்போகிறார்களோ!

மே 18, இன்னும் சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் புத்தி வளர்க்கும் சக்தி இருந்தால் கொழும்பு ஒழுங்கைகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் மேதைகளாகியிருக்க வேண்டும். தெருத் தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ காலையும் மாலையும் பீத்தோவனைத்தானே ஒலித்துக்கொண்டு வருகிறது! அந்தப் பியானோத் துண்டைக் கேட்டதும் எனக்கு வளர்வது மாலுபாண் ஆசை மட்டுமே.

மே 19, ஞாயிறு

மறுப்பது இருக்கட்டும், உமது கட்சி என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

என் தொழில் ஒப்புநோக்கல், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது. கொழும்பில் ஒரு தமிழ் அச்சகத்தில் சேர்ந்தபோது எங்கள் அறை மேல்தளத்தில், இயந்திரங்கள் கீழ்த்தளத்தில். மாலைப் பதிப்பு ஓடத் தொடங்கியதும் மேசையில் வைத்த பிளேன்ரீயில் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த இரைச்சலில் பக்கம் பக்கமாகப் படித்துத் தள்ளினேன். ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அடுத்த மேசைக்காரர் தொலைபேசியை எடுத்துத் தம் காணி வழக்கைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தால் போதும். கண் வரியில் ஓடும். மனம் அவருடைய வேலிக்கரையில் போய் நிற்கும். இயந்திரத்தோடு ஒப்பிட்டால் அவர் குரல் ஒரு முணுமுணுப்புத்தான்.

1990-இல் பிரித்தானிய உளவியலாளர்கள் ஒப்புநோக்கலையே எடுத்துப் பரிசோதித்தார்கள். பொருள் விளங்கும் பேச்சு பின்னால் ஓடியபோது பிழைகள் தப்பின. அதே பேச்சைப் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டபோது அந்தப் பாதிப்பு இல்லை. சத்தத்தைக் கூட்டியதும் குறைத்ததும் பெரிதாக எதையும் மாற்றவில்லை.

ஆகவே என் கட்சி: ஓசை வாசிப்பைக் கெடுப்பதில்லை, அதற்குள் இருக்கும் சொல்தான் கெடுக்கிறது. தம்பி கேட்பது தமிழ்ப் பாட்டு, படிப்பது தமிழ்ப் பாடம். இரண்டும் ஒரே வாசலால் நுழையப் பார்க்கின்றன.

மே 20

தொலைபேசி என்று எழுதியபின் யோசித்தேன். நேரில் இருவர் கதைப்பது ஏன் அவ்வளவு உறுத்துவதில்லை? 2010-இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு விடை சொன்னார்கள்: உரையாடலின் ஒரு பாதி மட்டும் காதில் விழும்போது கவனம் கூடுதலாகச் சிதறுகிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மனம் அதை விடுவதில்லை. காலி வீதியில் 101-ஆம் இலக்க பஸ்ஸில் போனவர்களுக்கு ஆய்வே தேவையில்லை. “ம்... ஓம்... அப்படியா?... ஐயோ, பிறகு?” என்று பக்கத்து இருக்கையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் கையில் எந்த நாவல் இருந்தும் பயனில்லை. அந்த “ஐயோ”வுக்குக் காரணம் தெரியாமல் இறங்க மனம் வராது.

மே 23, வெசாக்

சந்தியில் ஒலிபெருக்கி. பௌத்த பக்திப் பாடல்கள் காலையிலிருந்து சிங்களத்தில் ஓடுகின்றன. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007-இல் சொன்னது. பகலுக்கு அப்படி ஒரு புண்ணியம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த புதிதில் எனக்குச் சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. அந்தக் காலத்தில் பஸ்ஸில் வானொலி அலற அலற நான் புத்தகம் வாசித்துக்கொண்டு போவேன். பாட்டு எனக்கு மழைச் சத்தம் மாதிரி. பிறகு தொழிலுக்காகச் சிங்களம் படித்தேன். முதலில் ஆங்காங்கே ஒரு சொல் பிடிபட்டது: ‘அம்மா’, ‘மழை’, ‘போய்விட்டாய்’. அத்தோடு பஸ் வாசிப்பு போயிற்று. முழுதாக விளங்கும் மொழியைவிடப் பாதி விளங்கும் மொழி பொல்லாதது என்று நினைக்கிறேன். விளங்காத பாதியை நிரப்ப மனம் எட்டி எட்டிப் பார்க்கும். இதற்கு என்னிடம் ஆய்வு இல்லை, அனுபவம்தான்.

இன்று நான்கு பக்கம் வாசித்தேன். பாடல்கள் இனிமையானவை என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் சிக்கல்.

மே 26, ஞாயிறு

இரத்மலானை நண்பர் ஒரு நல்ல கல்லை எறிந்திருக்கிறார். 1976-இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், ஜெர்மன் தெரியாத மாணவர்களுக்கு ஜெர்மன் பேச்சைப் பின்னால் ஓடவிட்டபோதும் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கும் திறன் குறைந்தது. ‘விளங்காத மொழி தொந்தரவு செய்யாது என்கிறீரே, இதற்கு என்ன பதில்?’ என்று கேட்கிறார்.

பதில் உண்டு. வரிசையாக நினைவில் வைப்பது வேறு வேலை, வாசித்து விளங்கிக்கொள்வது வேறு வேலை. வரிசையை மனதில் பிடித்துவைக்க நாம் உள்ளுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். வெளியே மாறி மாறி ஒலிக்கும் எந்தக் குரலும் அந்த உட்குரலின் காலை இடறும். மொழி தெரிய வேண்டியதில்லை. விளங்கிக்கொள்வதில் அப்படியில்லை. 1988-இல் ஆங்கிலப் பேச்சையும் ரஷ்யப் பேச்சையும் மாற்றி மாற்றிப் பின்னால் வைத்து ஆங்கிலப் பந்திகளை வாசிக்கச் செய்தார்கள். சொந்த மொழிப் பேச்சே கூடுதலாகக் கெடுத்தது.

எனவே என் கட்சியில் ஒரு திருத்தம் வருகிறது, நண்பருக்கு நன்றி. தம்பி வரலாற்றில் ஆண்டுகளை மனனம் செய்யும்போது அரபுப் பாட்டும் உதவாது, பிரெஞ்சுப் பாட்டும் உதவாது. இலக்கியப் பாடத்தை வாசிக்கும்போது விளங்காத மொழியைச் சமாளிக்கலாம். கணிதப் பயிற்சிகளைத் தட்டித் தட்டிச் செய்யும்போது எதைப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

யூன் 2

“எதுவும் காதில் விழாமல் வாசிக்கும் சக்தி எனக்கு உண்டு” என்று ஒருவர் பெருமையடித்திருக்கிறார். அவர் வீட்டில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் ஓடியதில்லை போலும்.

எங்கள் வீட்டில் அது ஒரு சடங்கு. ஐயா சாய்மனைக் கதிரையில் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்திருப்பார். வானொலி தாழ்வாக ஓடும். செய்தி போகும், விளம்பரம் போகும், தலை நிமிராது. மரண அறிவித்தல் தொடங்கும்; அப்போதும் நிமிராது. “...பிறப்பிடமாகவும்... வதிவிடமாகவும் கொண்ட” என்ற அந்த நீண்ட வாக்கியத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வந்ததோ இல்லையோ, பத்திரிகை மடிக்கு இறங்கிவிடும். யாருடைய மாமனார், யாருடைய சகலன் என்று கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் மறுபடி தலையங்கம். அதுவரை அவர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

இதையே 1959-இல் நெவில் மொறே என்ற உளவியலாளர் பரிசோதனை அறையில் கண்டார். ஒரு காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறு காதில் வருவதைப் பொருட்படுத்தக் கூடாது. மறு காதில் என்ன சொன்னாலும் ஆட்களுக்குத் தெரியவில்லை. சொந்தப் பெயரைச் சொன்னபோது மட்டும் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காது மூடுவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆள் வைத்திருக்கிறது. அந்த ஆளுக்கும் சம்பளம் நம் கவனத்திலிருந்துதான் போகிறது.

யூன் 3

மேலே உள்ளதை வாசித்துவிட்டு என் தங்கை அழைத்தாள். ஐயா பத்திரிகையிலும் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாராம். இருக்கலாம். என் வாதத்துக்கு அது பாதகமில்லை.

யூன் 9

தெகிவளைச் சகோதரி கேட்பது: “பாட்டு வேண்டாம், வாத்திய இசை போடலாமா? எல்லா இடத்திலும் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.”

சிபாரிசுக்கு அடிப்படை உண்டு. வாசிப்பும் பின்னணி ஓசையும் பற்றிய 65 ஆய்வுகளை 2018-இல் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார்கள். இரைச்சல், பேச்சு, இசை எதுவானாலும் வாசிப்பு கொஞ்சம் குறைகிறது. குறைவு சிறிது, ஆனால் இருக்கிறது. விளங்கும் பேச்சும் சொற்களுள்ள பாட்டும்தான் கூடக் கெடுப்பவை.

ஆனால் சகோதரி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை போனவர் என்றும் எழுதியிருக்கிறார். அங்கேதான் வெள்ளைக்காரர் ஆய்வு நமக்கு அளவாகப் பொருந்தாது. கர்நாடக இசையில் வயலினோ நாதஸ்வரமோ வாசிப்பது பெரும்பாலும் பாடுவதற்கென்று இயற்றிய கீர்த்தனையைத்தான். படித்தவர் காதில் வில் இழுபடும்போதே சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், ஓடும். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும் இடத்தில் வாய் தானாக அசையும். சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் வாசித்தாலும் அதே கதை. அதற்குச் சங்கீதப் பரீட்சை எழுதியிருக்கவும் வேண்டாம். வாத்தியத்தில் சொல் இல்லை என்பது அந்தப் பாட்டைத் தெரியாதவருக்கு மட்டுமே உண்மை.

சொல்லில்லாமல் இராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை மட்டும் போடுங்கள். இராகத்தை அடையாளம் கண்டுபிடிக்கும் ஆசை உங்களுக்கு இல்லையென்றால் பிழைத்தீர்கள்.

யூன் 15

ஒரு வாசகர் என்னை மடக்குகிறார்: “ஒப்புநோக்குநர்கள் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் பார்ப்பதுதானே வழக்கம்? அங்கே காதில் சொல் விழுகிறதே?”

விழுகிறது. முக்கியமான பிரதி என்றால் அப்படித்தான் செய்வோம். மூத்தவர் மூலப்பிரதியைப் பிடித்துக்கொண்டு தரிப்புக் குறிகளையும் சேர்த்தே வாசிப்பார்: “அமைச்சர் நேற்றுத் தெரிவித்தார் முற்றுத்தரிப்பு புதுப் பந்தி”. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத ஒரே சீரான குரல். நான் பென்சில் முனையை எழுத்து எழுத்தாக நகர்த்துவேன். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதால், சந்தை விலைப் பட்டியலில் வாழையும் வாளையும் அடுத்தடுத்து வந்தால் “சிறப்பு ழ” என்று நிறுத்திச் சொல்வார். அப்போது காதில் வரும் சொல் கண்ணுக்குக் கைகொடுக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே சொல்.

ஊர்க் கோயிலில் புராண படிப்பு கேட்டவர்களுக்கும் இது தெரியும். ஒருவர் பாட்டை இழுத்து வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரியோடு வரியாகத் தொடரும் கிழவர்கள் இருந்தார்கள். அவர்களைவிட ஆழமாக யாரும் வாசித்து நான் கண்டதில்லை.

ஆகவே ‘சொல் கெடுக்கும்’ என்று மே மாதம் எழுதியதை ‘வேறு சொல் கெடுக்கும்’ என்று வாசித்துக்கொள்ளுங்கள். இந்த விவாதம் என் கட்சியைத் தோல் உரித்துக்கொண்டே போகிறது. கடைசியில் என்ன மிஞ்சுமோ தெரியவில்லை.

யூன் 22

“இதெல்லாம் பழக்கம். காலி வீதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எதுவும் கேட்பதில்லை.” இப்படிச் சொன்னவர்கள் பலர். இதை நான் விளையாட்டாக எடுக்கமாட்டேன்.

1973-இல் நியூயோர்க்கில், நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டிய 32 மாடித் தொடர்மாடிகளில் வாழ்ந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கீழ்மாடிப் பிள்ளைகள், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் மேல்மாடிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது. பழகியவர்களிடம், கவனியுங்கள். 1975-இல் அதே நகரில் உயர்ந்த தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாடசாலையைப் பார்த்தார்கள். ரயில் ஓடும் பக்கத்து வகுப்பறைகளில் இருந்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓர் ஆண்டு பின்னால் நின்றார்கள். பிறகு தண்டவாளத்துக்கு இறப்பர் மெத்தை போட்டு, வகுப்பறைக் கூரைக்கு ஒலியை உறிஞ்சும் தகடு அடித்தார்கள். 1981-இல் மறுபடி பார்த்தபோது வேறுபாடு மறைந்திருந்தது.

ரயில் போகும்போது ஆசிரியர் நிறுத்துவார், போனபின் தொடர்வார். பிள்ளை இழப்பது அந்த இடைவெளியை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் சன்னல் வைத்த எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். ரயில் வந்ததும் பேச்சு பாதியில் நிற்கும், போனதும் அதே இடத்திலிருந்து தொடரும், யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றாது. இதைத்தான் பழக்கம் என்கிறார்கள். ஆகவே தம்பி, உங்கள் அப்பா பாட்டைத் திட்டுவதை விட்டு, உங்கள் மேசையை வீதிப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றித் தரட்டும். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முடியாவிட்டால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, விகாரமகாதேவி பூங்காப் பக்கம் பொது நூலகம் இருக்கிறது. அங்கே காகம் மட்டும் கத்தும். அதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

யூன் 22, இரவு

மின்விசிறியை மறந்துவிட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. விசிறி நின்றதும் எங்கள் தொடர்மாடி கண்ணாடியாகிவிட்டது. மூன்றாம் மாடியில் சீட்டுக் காசுச் சண்டை, கீழே யாருக்கோ கனடாவிலிருந்து வந்த அழைப்பு, எல்லாம் சொல் சொல்லாகக் கேட்டது. மெழுகுதிரி வெளிச்சம் போதுமாகத்தான் இருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை. விசிறியின் இரைச்சல் இத்தனை காலமும் அந்தச் சொற்களை மூடிவைத்திருந்தது. முன் கட்டடக்காரர் மின்பிறப்பாக்கியை இயக்கியபோது மாடி முழுவதும் அவரைத் திட்டியது. நான் வாழ்த்தினேன்.

யூன் 30

தேநீர்க்கடை இரைச்சலைக் கைபேசியில் பதிந்து விற்கிறார்களாம், அது நல்லதா என்று கேள்வி. 2012-இல் வந்த ஓர் ஆய்வை வைத்து இந்த வியாபாரம் நடக்கிறது. 70 டெசிபெல் அளவு மிதமான இரைச்சலில் ஆட்களுக்குப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. 85-இல் அது கெட்டது. யோசனை, வாசிப்பு இல்லை. இதுவும் மொசார்ட்டின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

ஆனால் கடையில் நன்றாக வாசிக்க முடிகிறது என்பது உண்மை. வெள்ளவத்தைச் சைவக்கடை ஒன்றில் மாலை வேளையில் நான் வாசிப்பதுண்டு. எவர்சில்வர் தட்டு மேசையில் விழும், “நெய்த்தோசை ரெண்டு” என்று குரல் போகும், நாலு குடும்பம் ஒரே நேரத்தில் பேசும். பல குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எந்தச் சொல்லும் தனியாகப் பிடிபடாது. அடுத்த மேசையில் ஒரேயொரு சோடி மட்டும் இருக்கும் மதிய நேரம்தான் ஆபத்து. அவர்கள் கலியாணம் பேச வந்தவர்களாக இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு வடைக்குச் சொல்லிவிடுவது மரியாதை.

யூலை 7

பம்பலப்பிட்டித் தம்பி திரும்ப வந்து, அப்பா சமாதானமாகி இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கித் தரச் சம்மதித்துவிட்டார், எது வாங்கலாம் என்று கேட்கிறார். பெயர் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அந்தக் கருவிகள் சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலை, அதாவது விசிறி, பஸ் எஞ்சின், குளிரூட்டி போன்றவற்றைத்தான் நன்றாக நீக்கும். மனிதக் குரலை அவ்வளவு நீக்காது. விசிறிச் சத்தம் போனதும் பக்கத்து அறைப் பேச்சு முன்னைவிடத் துலக்கமாகக் கேட்கும். உங்களுக்கு வேண்டியதை எடுத்துவிட்டு வேண்டாததை விட்டுவைத்த மாதிரி இருக்கும். ஆகவே கடையில் போட்டுப் பார்க்கும்போது பாட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். எதையும் போடாமல் காதில் மாட்டிக்கொண்டு, விற்பனையாளரை விலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்லும் விலை தெளிவாகக் கேட்டால் அந்த விலைக்கு அது வேண்டாம்.